பெரிய குழாய்க்கு முதலில் மீட்டர் வை!

திருச்சியில் ஆட்டோ ஏறியவர்களுக்கு மீட்டர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வண்டியில் இருக்கும். ஆனால் ஓடாது. ஜங்ஷனில் இறங்கி "திருவெறும்பூர் போகணும்ண்ணே" என்றால் அவர் ஒரு தொகை சொல்வார், நாம் பாதி சொல்வோம், நடுவில் எங்கோ முடியும். தூரம் என்ன, கட்டணம் என்ன என்று இருவருக்குமே கவலை கிடையாது.

நாம் குடிக்கிற தண்ணீரையும் பல ஊர்களில் இப்படித்தான் கணக்கு வைக்கிறோம் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் போன கோடை விடுமுறை வரை நம்பவில்லை.

"பி.காம் படிக்கிற பயலுக்குக் குழாயில் என்ன வேலை?" என்று கேட்கும் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு: கொஞ்சம் பொறுங்கள், இது உங்கள் பாடத்தை விட என் பாடத்தோடுதான் அதிகம் சம்பந்தப்பட்டது :-)

*

விடுமுறையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர் அடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். துவாக்குடி பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரி எங்கள் கிளையன்ட். அவர்களுக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது, கிலோ லிட்டருக்கு இவ்வளவு என்று பில். திடீரென்று பில் ஏறிவிட்டது. ஆள் கூடவில்லை, உற்பத்தியும் கூடவில்லை. "நீ போய் பழைய பில் எல்லாம் எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார்கள்.

நான் போன நேரம் அங்கே ஒரு இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். கையில் ஒரு சின்ன பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயர் முனையில் தீப்பெட்டி அளவுக்கு இரண்டு கட்டை. குழாயின் ஒரு பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது தடவுவார்களே, அது மாதிரி ஒரு ஜெல்லைத் தடவினார். இரண்டு கட்டைகளையும் குழாய் மேல் வைத்து பட்டை போட்டு இறுக்கினார். அவ்வளவுதான். குழாயை வெட்டவில்லை, வால்வை மூடவில்லை.

தண்ணீர் வரும் நேரம். முதலில் பழைய மீட்டரின் முள் விசிறி மாதிரி சுற்ற ஆரம்பித்தது. இந்தப் பெட்டியிலோ "சிக்னல் இல்லை" என்று மட்டும் வந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தார்.

"அது காத்து தம்பி. குழாயில தண்ணி வர்றதுக்கு முன்னாடி உள்ள இருக்குற காத்தைத் தள்ளிக்கிட்டு வருது. அந்தப் பழைய மீட்டருக்குக் காத்தும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான். இவங்க இவ்வளவு நாளா காத்துக்குக் காசு கட்டிக்கிட்டு இருக்காங்க."

சில நிமிடங்களில் குழாய் நிரம்பியது. பெட்டியில் எண் வந்தது. அதன் பிறகு இரண்டு மீட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் காட்டின. அன்று இரவு வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

*

அந்தப் பெட்டியின் பெயர் அல்ட்ராசானிக் ஃப்ளோமீட்டர். நம் காதுக்கு எட்டாத ஒலியை வைத்துத் தண்ணீரின் வேகத்தை அளக்கிற கருவி. ஜப்பானில் டோக்கியோ கெய்கி என்ற கம்பெனி 1963-ல் தொழிற்சாலைகளுக்காக இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. அம்மா மண்டபம் படித்துறையில் காவிரி நிறைய ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவன் அங்கிருந்து எதிர்க்கரைக்கு, ஓட்டத்தோடு சாய்ந்தவாறு நீந்திப் போகிறான். ஆறு அவனைத் தள்ளிவிடுகிறது, சீக்கிரம் போய்ச் சேர்கிறான். அதே வழியில் திரும்பி வருகிறான். இப்போது ஆறு அவனுக்கு எதிராக இருக்கிறது, நேரம் கூடுகிறது. போன நேரம், வந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டால் ஆற்றின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

குழாயில் நீந்துவது ஒலி. மேலே ஒரு கட்டை, கொஞ்சம் கீழே தள்ளி ஒரு கட்டை. முதலாவது கூவும், இரண்டாவது கேட்கும். பிறகு இரண்டாவது கூவும், முதலாவது கேட்கும். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும். குழாய்த் தண்ணீரோ விநாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான் போகும். அதனால் வித்தியாசம் மிக மிகச் சின்னது. ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயில் 45 டிகிரி சாய்வில் ஒலி போய்ச்சேர விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டு போட்டால் அதில் ஒரு துண்டு கூட முழுதாக வராது. அதைத்தான் அந்தப் பெட்டி எண்ணுகிறது.

தண்ணீர் சூடானால் ஒலியின் வேகம் மாறுமே என்று கேட்கலாம். மாறும். ஆனால் இரண்டு வழியிலும் நீந்துவது அதே நீச்சல்காரன் என்பதால், இரண்டு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும்போது அவனுடைய சொந்த வேகம் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது ஆற்றின் வேகம் மட்டும்.

சாக்கடை, சேறு கலந்த தண்ணீருக்கு வேறு வகை உண்டு. திருவெறும்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்கிக் கேட்குமே, அதே டாப்ளர் தத்துவம். மிதக்கும் துகளில் ஒலி பட்டுத் திரும்புவதை வைத்து வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். இதயத்துக்கு எக்கோ எடுக்கும்போது ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதும் இப்படித்தான்.

சுற்றுகிற சக்கரம் இல்லை, தேய்கிற பாகம் இல்லை, மணல் புகுந்து மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. பாய்லர் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் சில அணுமின் நிலையங்கள், நீராவியாகப் போகிற தண்ணீரை இந்த முறையில் இன்னும் துல்லியமாக அளக்க முடிகிறது என்று காட்டியே, தங்கள் உற்பத்தியை இரண்டு சதவீதத்துக்குள் உயர்த்திக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கின்றன. அளவு துல்லியமானால் அதுவே வருமானம்.

*

இனி மேட்டருக்கு வருகிறேன்.

அக்கவுண்டன்சி முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பது: தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, கடைசி இருப்பு. வரவில் எவ்வளவு வந்தது என்று தெரியாமல் எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல முடியாது. குடிநீருக்கும் இதே கணக்குதான். ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்தது எவ்வளவு, அதில் பில் போட்டது எவ்வளவு, மீதி எங்கே? இந்த மீதிக்கு "வருவாய் ஈட்டாத நீர்" என்று பெயர். ஒழுகியது, திருடியது, கணக்கில் விட்டது, இலவசமாகக் கொடுத்தது எல்லாம் இதில் சேரும். மத்திய அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் வெளியிட்ட அளவுகோலின்படி இது 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

நல்லது. ஆனால் எடுத்தது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

நம் நாட்டில் பல ஊர்களில் நடக்கும் வழி இது. பம்ப் ஹவுஸில் ஒரு லாக் புக் இருக்கும். மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு நிறுத்தினோம் என்று அதில் எழுதுவார்கள். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் இன்றைய "உற்பத்தி". தேய்ந்த மோட்டார் தகட்டில் போட்டபடி தள்ளுமா, கோடையில் கிணற்று மட்டம் இறங்கினால் அதே அளவு ஏறுமா, குழாயில் எதிர் அழுத்தம் கூடினால் என்ன ஆகும், இதற்கெல்லாம் அந்தப் பெருக்கல் கணக்கில் இடமே இல்லை.

ஒரு அரிசி மண்டியை நினைத்துப் பாருங்கள். லாரி பத்து டன் தாங்கும், இன்று ஐந்து லாரி வந்தது, ஆகவே ஐம்பது டன் வரவு என்று எழுதினால் எங்கள் ஆடிட்டர் சார் அந்த லெட்ஜரைத் தூக்கி மேஜையில் அடிப்பார். எடை மேடைச் சீட்டு எங்கே என்று கேட்பார். கிலோ ஐம்பது ரூபாய் அரிசிக்குக் கேட்கிற சீட்டைக் குடிதண்ணீருக்குக் கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நான் மேலே சொன்ன ஒரு மீட்டர் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நாள் முழுக்க ஓடினால் சுமார் 6 கோடியே 78 லட்சம் லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அதே அளவுகோல் சொல்லும் கணக்கு. அதாவது அந்த ஒரு குழாய் 5 லட்சம் பேருக்குத் தண்ணீர். அதில் 5 சதவீதம் தப்பாகக் கணக்கிட்டால் 25 ஆயிரம் பேருடைய ஒரு நாள் தண்ணீர் காகிதத்தில் மட்டும் இருக்கும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் ஏற்றினால் 280 லோடுக்கு மேல், தினமும்!

என் அத்தை இருக்கும் ஊரில் (பெயர் வேண்டாம்) நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். அத்தை குடத்தை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். ஊருக்குத் தேவையான தண்ணீர் முழுக்க ஏற்றப்படுகிறது என்று போர்டில் எழுதியிருக்கிறார்கள். அத்தை வீட்டுக் குடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி என்று பார்க்க நடுவில் ஒரு மீட்டர் கூடக் கிடையாது.

*

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது வேறு ஒன்று.

காவிரிக்காக நாம் போடாத சண்டை இல்லை. நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு சொன்னது: தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., அதில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் திறந்துவிட வேண்டியது 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் இதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.க்கு நாம் எவ்வளவு கொதித்தோம்! கொதித்தது நியாயம்தான். ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது, அந்த எண் நாளிதழில் வருகிறது, விநாடிக்கு எத்தனை கன அடி என்று டீக்கடையில் பேசுகிறோம்.

அதே தண்ணீர் மேட்டூர் தாண்டி, முக்கொம்பு வந்து, காவிரி, கொள்ளிடம் என்று பிரிந்து, நம் ஊர் மணலுக்குள் இறங்கி, கிணறு வழியாகக் குழாயில் ஏறுகிறது. திருச்சிக்கு மட்டுமா? புதுக்கோட்டைக்குப் போகிறது. சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இங்கிருந்துதான் போகிறது. போகட்டும், தாராளமாகப் போகட்டும். தாகத்துக்கு ஜில்லா கிடையாது. ஆனால் எல்லையில் கன அடிக் கணக்கில் எண்ணி வாங்கிய தண்ணீர் குழாயில் ஏறிய பிறகு எந்த டீக்கடையிலும் அதற்கு எண் இல்லை. பிலிகுண்டுலு ரீடிங் தெரிந்த எனக்கு, என் வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயின் ரீடிங் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

பணம் கை மாறும் இடத்தில் மட்டும் மீட்டர் தானாக முளைத்துவிடுகிறது. 2010-ல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தபோது தனியார் தயாரித்த தண்ணீரைச் சென்னைக் குடிநீர் வாரியம் கிலோ லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்கியது. அங்கே "மோட்டார் இத்தனை மணி நேரம் ஓடியது, காசு கொடு" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆறு சும்மா கொடுப்பதால்தான் நமக்கு அலட்சியம்.

*

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வது என்ன என்று பார்ப்போம்.

முதலாவது: "மீட்டர் என்று ஆரம்பித்தால் வீட்டுக்கு வீடு மீட்டர் வரும், பில் ஏறும், கடைசியில் தனியாரிடம் கொடுப்பார்கள்." இந்தப் பயம் பொய்யில்லை. 2018-ல் கோவையில் 24 மணி நேரக் குடிநீர் என்று பிரான்ஸ் நாட்டு சூயஸ் கம்பெனிக்கு 26 ஆண்டு ஒப்பந்தம் போனபோது எத்தனை எதிர்ப்பு வந்தது என்று தெரியும். நானும் இந்தப் பக்கம்தான். அதனால்தான் சொல்கிறேன், வரிசையை மாற்று! என் அத்தையின் குடத்தை அளக்க வருவதற்கு முன்னால் ஆற்றில் எடுப்பதை அள. பிறகு ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்குள் போவதை அள, தொட்டியிலிருந்து வெளியே வருவதை அள. தெருவில் எங்கே ஓட்டை என்று அப்போதே பாதி தெரிந்துவிடும். பெரிய குழாய்க்கு மீட்டர் இல்லாத ஊரில் சின்ன வீட்டுக்கு மீட்டர் வைப்பது, கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு வாடிக்கையாளர் பையைச் சோதிப்பது மாதிரி. அதுவும் விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊரில் சக்கர மீட்டர் வைத்தால் துவாக்குடி கதைதான். ஏழை வீட்டில் காற்றுக்கு பில்.

இரண்டாவது: "செலவு ஆகும், குழாயை வெட்ட வேண்டும், இரண்டு நாள் தண்ணீர் நிற்கும்." வெளியே கட்டுகிற வகைக்கு வெட்டவே வேண்டாம் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். எத்தனை பெரிய குழாயானாலும் அந்த இரண்டு கட்டைதான்.

மூன்றாவது: "மீட்டரும் பொய் சொல்லுமே?" சொல்லும். இதை மறைக்க மாட்டேன். குழாய் முழுக்க நிரம்பி ஓட வேண்டும். பாதிக் குழாயில் ஓடினால், பக்கவாட்டில் வைத்த கட்டைகள் முழுக் குழாய் என்று நினைத்துக் கூட்டிக் காட்டும். வளைவுக்கும் வால்வுக்கும் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் சுழன்று கொண்டிருக்கும், ரீடிங் தப்பும். முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நேர்க்குழாய் வேண்டும் என்பது பொது விதி. பழைய இரும்புக் குழாயின் உள்ளே துரு படிந்து ஒரு மீட்டர் விட்டம் 98 சென்டிமீட்டர் ஆகியிருந்தால், அதைச் சொல்லாமல் விட்டால், 4 சதவீதம் அதிகமாகக் காட்டும். இதெல்லாம் ஒழுங்காக வைக்க வேண்டும், அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். வைக்கவே வேண்டாம் என்பதற்கு இல்லை. ஃப்ளோமீட்டரைச் சோதித்துச் சான்று தர பக்கத்திலேயே பாலக்காட்டில் மத்திய அரசின் ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் முத்திரை பார்க்கிற நாம் இதற்கும் ஒரு முத்திரை கேட்டால் என்ன?

அல்ட்ராசானிக்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. மின்காந்த வகை மீட்டரும் நல்லது. எதையாவது வை, ஆனால் ரீடிங்கைச் சொல்!

இது நடக்காத காரியமும் இல்லை. கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் 1993-ல் 72 சதவீதம் தண்ணீர் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. போர் முடிந்து நொந்து போயிருந்த நாடு, காசும் இல்லை. ஏக் சோன் சான் என்ற அதிகாரி பொறுப்பேற்று, மீட்டர் வைத்து, ஓட்டைகளைத் தேடி அடைத்து, பெரிய மனிதர்களின் திருட்டு இணைப்பையும் விடாமல் வெட்டினார். 2008 வாக்கில் அது சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. அவருக்கு 2006-ல் மகசேசே விருது கொடுத்தார்கள். அங்கே வீட்டுக்கும் மீட்டர் வைத்தார்கள், உண்மை. ஆனால் மக்கள் கொடுத்த காசுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது.

*

சரி, நாம் என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தபால் செலவு. கேன்டீனில் ஒரு டீ செலவை விடக் கொஞ்சம்தான் அதிகம். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் இவை:

1. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு நீரேற்று நிலையத்தின் வெளியேறும் குழாயிலும் ஃப்ளோமீட்டர் இருக்கிறதா? என்ன வகை?

2. இருந்தால், அது இப்போது ஓடுகிறதா? கடைசியாக எந்தத் தேதியில், யார் சோதித்தார்கள்?

3. கடந்த 12 மாதங்களின் தினசரி ரீடிங்கின் நகல் வேண்டும். மீட்டர் இல்லையென்றால் தினசரி அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

4. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் தனித்தனியாக உள்ளே போன அளவு என்ன?

ஒருவேளை நம் ஊரில் எல்லா மீட்டரும் இருந்து, எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தால் ரொம்ப சந்தோஷம். அந்த ரீடிங்கைத் தினமும் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லி அடுத்த மனு எழுதுவேன். இரண்டு வரி இடம் போதும்.

வகுப்பில் நாற்பத்தெட்டு பேர் இருக்கிறோம். லால்குடி, துறையூர், மணப்பாறை, பூதலூர் என்று ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து வருகிறோம். ஆளுக்கு ஒரு மனு போட்டால் பல ஊர்க் கணக்கு நம் கைக்கு வந்துவிடும். பதில் வந்ததும் அதை ஒரு டேபிளாகப் போட நான் தயார், அது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை. என் மனு திங்கட்கிழமை காலை காலேஜ் போகிற வழியில் தபாலாபீஸில் போகிறது. உங்களுடையது?